கறுப்புத் தண்ணீர்

எஸ்கிஷெஹிரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
எங்கள் கம்பளச் சலவைக்கூடம்.
நான் நெர்மின். தண்ணீர் அடிப்பவன் துன்ஜாய், என் கொழுந்தன்.
வங்கிக்கு மாதம் பதினோராயிரம் லிரா.
தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

பெரிய செயலிகளில் ஏற்கெனவே
நாற்பது சலவைக்கூடங்கள் நுரைத்துக்கொண்டிருந்தன.
இது புதுசு, மூன்று மாதக் குழந்தை.
முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்
என்றான் துன்ஜாய்.
ஏணியின் நான்காம் படியில்
ரப்பர் பட்டையால் கைபேசியைக் கட்டினோம்.

முதல் படம்: இருநூற்று ஆறு பேர்.
இரண்டாவது: பதினேழு.
மூன்றாவதில் துன்ஜாய் ஆடினான்.
அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

நான்காவது, ஒரு சிவப்புக் கம்பளம்.
இழுப்பானை இழுக்க இழுக்க
கறுப்பாக வந்தது தண்ணீர்,
பிறகு காப்பி நிறம், பிறகு தேநீர்,
பிறகு குடிக்கலாம் போல ஒரு நிறம்.
பேச்சில்லை, பாட்டில்லை, நாற்பது நொடி.
விடிவதற்குள் பதினொரு லட்சம்.

பிரேசிலிலிருந்து ஒரு செவிலி எழுதினாள்:
இரவுப் பணி முடிந்து
இதைப் பார்த்தால்தான் கண் சொக்குகிறது.
போலந்தில் ஒரு லாரி ஓட்டுநர்:
இன்னும் கறுப்பாக வேண்டும்.
ஒருவருக்கும் எங்கள் தெரு தெரியாது.
ஒருவரும் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
கடல் தாண்டி வரப்போவதில்லை.
அந்த வாரம் வந்தவை மூன்று.
அதற்கு முந்தைய வாரம் நான்கு.

வியாழக்கிழமை மியுஸெய்யென் அம்மையார் வந்தார்.
மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு.
அதை வைத்தே எதிர்வீட்டுக்காரி
கண்டுபிடித்துவிட்டாளாம்.
கத்தவில்லை. மேலங்கியைக் கழற்றவுமில்லை.
"எத்தனை பேர்?"
சொன்னேன்.
"இந்த ஊரிலேயே அத்தனை பேர் இல்லையே."
பிறகு, "காட்டு."

பார்த்தார். விரலால் பின்னுக்குத் தள்ளி
மறுபடி பார்த்தார்.
கறுப்பு வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்,
தெளியும் இடத்தில் திறந்தார்.
எப்படித்தான் நேரம் கணித்தாரோ.
"பெருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.
எந்த முகத்தோடு இதை விரிப்பேன்?"

கூலி வேண்டாம் என்றேன்.
எண்ணி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்,
ஒரு லிராகூடக் குறையவில்லை.
அடித்திருந்தால் தேவலை.

படத்தை அழித்தேன்.
துன்ஜாய் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.
மூன்றாம் நாள் பழைய சாமான் சந்தையிலிருந்து
ஓரம் பிய்ந்த கம்பளம் ஒன்றோடு வந்தான்.
முற்றத்தில் விரித்தான்.
சேறு, அடுப்புக்கரி, வண்டலாகிப்போன காப்பித்தூள்,
எங்கிருந்தோ அரை வாளி என்ஜின் ஆயில்.
மேலே வேனை முன்னும் பின்னும் ஓட்டினான்.
அழுக்கு எடுக்கிற கடை
அழுக்கு செய்துகொண்டிருந்தது.
நான்தான் சொன்னேன், இடது மூலையில் இன்னும் கொஞ்சம் என்று.

ஆறு வாரம், அதே கம்பளம்.
ஆறாவது துவைப்பில் நடுவில் இரண்டாகப் பிரிந்து
சாக்கடை வாயில் போய் அடைத்துக்கொண்டது.
அதற்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகப் பார்வை.
செவிலி மட்டும் கேட்டிருந்தாள்:
இதற்கு முன்பும் இதே கம்பளம்தானே?

பதில் எழுதவில்லை.
அட்டை ஒன்றை வெட்டிக் கதவில் மாட்டினேன்:
உங்கள் அழுக்கை யாருக்கும் காட்ட மாட்டோம்.
பழக்க தோஷம்,
அதையும் பன்னிரண்டு நொடி எடுத்துச் செயலியில் போட்டேன்.
நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள்.
ஒன்பது பேர் கம்பளத்தோடு வந்தார்கள்,
சிலர் இருட்டிய பிறகு,
சிலர் படுக்கை விரிப்பில் சுற்றி மறைத்து.

அதில் ஒருத்தி அந்த எதிர்வீட்டுக்காரி.

அவளுடையதை நானே துவைத்தேன்,
கதவைச் சாத்தி, துன்ஜாயைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு,
கைபேசியை அலமாரியில் போட்டுப் பூட்டி.
எவ்வளவு கறுப்பு என்று
இங்கேயும் சொல்வதாக இல்லை.